நாலரை மைல்

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி மூன்று வாரமாகியிருந்தது. ஏறாவூர் பிரதான வீதியில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு கை புழுதியை அள்ளிக் கடைகளுக்குள் எறிந்துவிட்டுத்தான் போனது. யோகராசாவின் கடையில் கண்ணாடிக் கதவைச் சாத்தி, அடியில் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். உள்ளே மின்விசிறி சுழன்றது. அதிலிருந்து வந்ததும் அடுப்படிக் காற்றுத்தான்.

மின்தராசு, சீனிவருத்தம் பார்க்கிற மெசின், பிரஷர் மெசின், போட்டுக்காரரின் ஜீபிஎஸ், மீன்கூட்டம் காட்டுகிற மெசின் என்று எண் காட்டுகிற எது பழுதானாலும் அந்தக் கடைக்கு வரும். முப்லிஹா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள். வயது இருபத்திரண்டு. கையில் நடுக்கம் கிடையாது, கண் கூர்மை. யோகராசா தனக்கு வராத சின்ன ஈயப்பற்று வேலைகளை இப்போது அவளிடமே தள்ளிவிடுவார்.

அவள் முன்னால் இருந்தது அசனாரின் பழைய ஜீபிஎஸ். அசனார் அவளுடைய வாப்பாவுக்குக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்; அவளுக்குப் பெரியவாப்பா. அவருடைய மருமகன் றிப்ஷான் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து வைத்தான். கூடவே பெட்டி பிரிக்காத புதிய மெசின் ஒன்றும். பழையதில் இருக்கிற பொயின்ட் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டுமாம், ஒன்றும் விடுபடக்கூடாதென்று மாமா சொல்லிவிட்டாராம்.

கடலில் வலை கிழிக்கிற கல், மீன் கூடுகிற பார், நங்கூரம் பிடிக்கிற மணல் என்று ஓர் இடத்தின்மேல் போட் நிற்கும்போது பட்டனை அமத்தினால், மெசின் அந்த இடத்தை எண்ணாக்கிச் சேமித்துவிடும். பத்து வருஷம் கழித்தும் பெயர் தெரிந்தால் நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அசனாரிடம் இருந்தவை இருநூற்றுப் பதின்மூன்று. இருபது வருஷக் கடல். மச்சான் மச்சானுக்குச் சொல்லாத, சாகும்வரை வாயில் வைத்திருக்கிற சொத்து. கடையில் யோகராசாவின் முதல் சட்டமே அதுதான். ஒருத்தனுடைய பொயின்ட் இன்னொருத்தன் காதில் விழுந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளை இருத்திவைத்துச் சொல்லியிருந்தார்.

வயர் குத்துகிற இடம் உப்பில் கரைந்து பச்சையாய்ப் போயிருந்ததால் கொம்பியூட்டரில் இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு பொயின்டாகத் திறந்து, கொப்பியில் எழுதி, புதிய மெசினில் அமத்தி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு எண் பிசகினால் போட் கல்லுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும். இரண்டு நாளில் நூற்று நாற்பதை முடித்திருந்தாள். பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில், அசனார் தன் ஐந்தாம் வகுப்பு அறிவில் போட்டவை. KALAVA, KALAVA2, PERIYA KAL, VALAI POCHU. வாசித்து வாசித்து அவளுக்குச் சிரிப்பும் வந்திருந்தது.

நூற்று நாற்பத்தோராவது ILMI.

அதையும் அவள் எழுதத் தொடங்கினாள். எண்களை எழுதி, ஆழம் இருபத்தாறு பாகம் என்று எழுதி, கீழே இருந்த திகதியை எழுதும்போதுதான் பேனை நின்றது. 19 நவம்பர் 2012, காலை 7.42.

அவளுடைய வாப்பா ஹில்மி கடலுக்குப் போனது அந்த வருஷம் நவம்பர் பதினேழு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கொரு இஞ்சின் போட் இருந்தது. ஹில்மியின் கூட்டாளிக்குக் காய்ச்சல். முதல்நாள் போட்ட வலை கிடந்து அழுகிவிடும் என்று ஹில்மி தனியே போனார். பின்னேரம் வாடைக்காற்று முறுகி அடித்தது. அவர் திரும்பவில்லை. அசனார் மூன்று நாள் தேடினார். மூன்றாம் நாள் புன்னைக்குடாவில் இறங்கி, மணலில் இருந்த உம்மாவிடம் வந்து, ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு கயிறு கிடைக்கவில்லை, எந்தப் பக்கம் போனான் என்றே தெரியவில்லை என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். முப்லிஹா உம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள். பத்தொன்பதாம் திகதி, தேடலின் இரண்டாம் நாள்.

அவள் அந்தப் பொயின்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அப்போதுதான் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். பொயின்ட் ஒன்றைச் சேமிக்கும்போது மெசின் தானாகப் போடுவது ஒரு சின்னப் புள்ளி. மீன் நன்றாகப் படுகிற இடங்களுக்கு மட்டும் அசனார் புள்ளியை மாற்றி மீன் படம் போட்டிருந்தார். ILMI என்பதற்குப் பக்கத்தில் இருந்தது மீன்.

போட் போய்வந்த தடங்களையும் அந்த மெசின் பத்து வரைக்கும் சேமித்து வைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 2014, 2016, 2019, போன வருஷம். கரையிலிருந்து கிளம்புகிற கோடுகள் எங்கெங்கோ சுற்றின. ஆனால் ஆறு தடங்களில் கோடு வந்து அந்த ஒரு இடத்தில் நூல்பந்து மாதிரிச் சிக்கிக் கிடந்தது. தூண்டில் போட்டுக்கொண்டு போட் சுற்றிச் சுற்றி நின்றால்தான் அப்படி விழும்.

முப்லிஹா எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

யோகராசாவிடம், இந்தத் திகதி பிழைத்துப்போக வழியுண்டா என்று கேட்டாள். தராசு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தவர் நிமிராமலே, திகதி வானத்திலிருந்து வருவது, பட்டனை அமத்துகிற நேரத்தை மெசின் தானே எழுதிக்கொள்ளும் என்றார். படம்? படத்தை ஒரு ஆள் வேண்டுமென்று போய் மாற்றினால்தான் மாறும், தன்பாட்டில் மாறாது. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மெசினை அவரிடம் நீட்டினாள். ஏறாவூரில் ஹில்மியின் கதை தெரியாதவர் யார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு மெசினை மேசையில் வைத்தார்.

"கடைக்கு வாற மெசினில இருக்கிறது கடையோட நிக்கணும், புள்ள."

"இது என்ட வாப்பா, அங்கிள்."

யோகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் சாப்பிடப் போவதாகவும், இரண்டரைக்குத்தான் வருவதாகவும், அதுவரை கடையில் எது நிற்கிறது எது போகிறது என்று தனக்குத் தெரியாதென்றும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வீட்டில் உம்மா கைறுன்னிஸா மா வறுத்துக்கொண்டிருந்தாள். மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு விடிய இடியப்பம் கொடுக்கிறவள். சுபஹுக்கு முன் அவிப்பு, பகலில் இடிப்பும் அரிப்பும் வறுப்பும். கச்சான் அடுப்பு நெருப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. முகத்தில் வியர்வையும் மாவும் சேர்ந்து ஒட்டியிருந்தன. முப்லிஹா மெசினைக் கையில் வைத்தபடியே சொல்லத் தொடங்கினாள். உம்மா வறுக்கிற அகப்பையை நிறுத்தவில்லை. மா கருகிவிடும். திகதியைச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. மீன் படத்தைச் சொன்னபோது அகப்பை சட்டியிலேயே நின்றது.

"எவ்வளவு தூரம்?"

"புன்னைக்குடாவில இருந்து நாலரை மைல்."

"நாலரை."

கைறுன்னிஸா சட்டியை இறக்கினாள். மா ஒரு பக்கம் சிவந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகிற தூரத்தில் பாதிதான் என்றாள். நாற்பது நாள் அந்த மணலில் போய்க் குந்தியிருந்தேன், கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறார் என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் முப்லிஹாவுக்குப் பயமாக இருந்தது. உம்மா கைகழுவி, அபாயாவைப் போட்டுக்கொண்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். மரணச் சான்றிதழுக்காக ஏழு வருஷம் அலைந்த கடதாசிகள் அதற்குள் இருந்தன. ஆளும் கிடைக்கவில்லை, இடமும் தெரியாது, எதை வைத்து மௌத்து என்று எழுதுவது என்று ஒவ்வொரு கந்தோரிலும் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. அந்த ஏழு வருஷமும் அவள் விதவையுமில்லை, புருஷன் உள்ளவளுமில்லை.

அசனாரின் வீடு ஆற்றங்கரையில். மகள் சப்னாவுக்குச் சீதனமாகக் கட்டிய மாடிவீடு. அவர்கள் போனபோது அசர் தொழுதுவிட்டு வந்து, முற்றத்து வேம்பின்கீழ் சாரமும் பெனியனுமாக இருந்தார். அறுபது வயதிலும் தோள் இறங்காத மனிதர். பாவம் பார்க்கிறவர் என்று ஊரில் பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் தம்பி வீட்டுக்கு மீன் அனுப்புவார். முப்லிஹாவின் படிப்புச் செலவை ஏற்றவரும் அவர்தான். வாசலில் அவளைக் கண்டதும் சிரித்து, மெசின் வேலை முடிந்ததா என்று கேட்டார்.

முப்லிஹா மெசினை எடுத்து, அந்தப் பொயின்டைத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள்.

அசனாரின் சிரிப்பு முதலில் வாயிலிருந்து போனது, பிறகு கண்ணிலிருந்து. றிப்ஷான் உள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆருடி ஒனக்கு என்ட மெசினுக்குள்ள பூந்து பார்க்கச் சொன்ன? வயர் குத்தி மாத்தத்தானே தந்த? யோகராசாட கடைக்கு இன்டையோட பூட்டு."

"சத்தம் போடாதீங்க மச்சான்," என்றாள் கைறுன்னிஸா. பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தாள். பொலிஸில் அவர் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. "இத ஒருக்கா வாசிங்க."

அவர் வாங்கவில்லை. கைறுன்னிஸாவே வாசித்தாள். மூன்று நாட்கள் தேடினேன். எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. படகு மூழ்கிய இடம் எனக்குத் தெரியாது. வாசித்து, கீழே இருந்த ஒப்பத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இது ஒங்கட ஒப்பம்தானே?"

சப்னா உள்ளிருந்து தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்து, முற்றத்தில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அசனார் சாரத்தை இறுக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். இரண்டாம் நாள் காலையில் தண்ணீர்மேல் டீசல் கண்டாராம். கீழிருந்து நூல் மாதிரி வந்துகொண்டே இருந்ததாம். பக்கத்தில் தம்பியின் மஞ்சள் எண்ணெய்க் கான் மிதந்ததாம். கை தானாகப் பட்டனை அமத்தியதாம். கரைக்குச் சொன்னால் நேவி வரும், சுழியோடி வருவான், மூன்று நாள் தண்ணீரில் கிடந்த ஜனாஸாவை மீன் தின்ற கோலத்தில் கொண்டுவந்து போடுவான். அதை இவளும் பிள்ளையும் பார்க்க வேண்டுமா என்று நினைத்தாராம்.

"மறுகா நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு கிடந்து, சொல்ல ஏலாமப் போயிற்று. அதுதான் உண்ம."

ஒரு கணம் முப்லிஹாவுக்கு அவரை நம்பலாம் போலிருந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் ஆயுளுக்கும் தொண்டையில் நிற்கும்.

"அந்தப் புள்ளிய மீனா மாத்தினது எப்ப, பெரியவாப்பா?"

அசனார் அவளைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தார். காற்று தண்ணீரை மேற்கிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் கழித்து, யாஸீன் ஓதத்தான் அங்கே போனாராம். ஓதி முடித்து, சும்மா ஒரு தூண்டிலை விட்டாராம். இறங்கின இறக்கத்தில் கலவாய் ஏறிற்றாம், ஒன்று, இன்னொன்று. போட் கிடந்த இடம் மீனுக்கு வீடாகிவிட்டது. அவர் அழுதுகொண்டுதான் இழுத்தாராம்.

"அழுதுபோட்டு மறுகாவும் போன நீங்க," என்றாள் முப்லிஹா. "ஆறு தடம் கிடக்கு. மெசின் பத்துத்தான் சேமிக்கும். அழிஞ்சது எத்தின?"

அதுதான் அவரைக் குத்தியது. கதிரை பின்னால் விழ எழும்பினார்.

"போனன். ஓம், போனன். அந்த மீன ஆருக்குக் குடுத்த? நான் மட்டுமா திண்ட? ஒன்ட படிப்பு எங்க இருந்து வந்த? ஒங்கட வீட்டு ஆணத்தில வெள்ளிக்கு வெள்ளி கொதிச்சது என்ன?"

உம்மா புளி கரைத்து ஊற்றுகிற அந்த மீன் ஆணத்தின் மணம், வெள்ளிக்கிழமைப் பகல்களின் மணம், முப்லிஹாவின் மூக்கில் ஏறிற்று. அவள் வேம்பைப் பிடித்துக்கொண்டாள். றிப்ஷான், மாமா போதும் என்று மெல்லச் சொன்னான்.

கைறுன்னிஸா ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"எனக்கு அப்ப முப்பத்தொரு வயசு மச்சான். ஓட்டமாவடியில இருந்து ஒரு மனிசன் கேட்டு வந்தாரு. பொண்டாட்டி மௌத்தான ஆளு, நல்ல ஆளு. பள்ளிவாசல்ல என்ன சொன்ன? ஹில்மி ஹயாத்தா மௌத்தா எண்டு தெரியாம நிக்காஹ் செய்ய ஏலா, பொறுங்க எண்டு. அந்த மனிசன் ஒன்டரை வருஷம் பொறுத்தாரு. நீங்க அந்தக் கூட்டத்தில இருந்த நீங்க. முன்வரிசையில. வாயத் தொறந்து, இடம் எனக்குத் தெரியும், அவன் மௌத்துத்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, என்ட ஹயாத் வேற."

முப்லிஹா இதுவரை கேள்விப்படாத கதை. உம்மா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. அசனார் விழுந்த கதிரையை நிமிர்த்தினார். ஆனால் இருக்கவில்லை. மெசினை முப்லிஹாவிடம் நீட்டினார்.

"அழிச்சிடு புள்ள. இதிலயும் அழி, புதிசிலயும் போடாத. இனி அங்க ஒரு ஆளும் போகப்படா."

"அழிக்காத," என்றாள் கைறுன்னிஸா. "இவ்வளவு நாளும் எனக்கு அழிச்சுத்தானே வச்சிருந்த. நாளைக்கு விடிய என்ன அங்க கொண்டு போங்க. நீங்கதான் கொண்டு போகணும்."

கச்சானில் வெயில் ஏறினால் கடல் கொந்தளிக்கும், பெண்கள் போட்டில் போவது வழக்கமில்லை, ஊர் கதைக்கும் என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்த்தார். கைறுன்னிஸா கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்படியென்றால் பள்ளித் தலைவரிடமும் பொலிஸிலும் போவேன், மெசினையும் கொண்டுபோவேன் என்றாள். அசனார் றிப்ஷானைக் கூப்பிட்டு, சுபஹுக்குப் பிறகு பைபர் போட்டை இறக்கி வைக்கச் சொன்னார்.

அன்று பின்னேரமே முப்லிஹா கடைக்குத் திரும்பி, இரவு வெகுநேரம் இருந்து மிச்சம் எழுபத்திரண்டு பொயின்டையும் மாற்றி முடித்தாள். நூற்று நாற்பத்தொன்றையும் போட்டாள். இருநூற்றுப் பதின்மூன்றும் சரி. யோகராசா ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குக் கடல் மெசின் எதையும் அவள் தொடவேண்டாம், தராசைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் கைறுன்னிஸா கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கவில்லை. பதின்மூன்று வருஷத்தில் அது முதல் தடவை.

விடியக் காற்று அவ்வளவு இல்லை. றிப்ஷான் இஞ்சினைப் பிடித்தான். அசனார் முன்னால் அணியத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். உம்மாவும் மகளும் நடுப்பலகையில். முப்லிஹாவின் மடியில் புதிய மெசின். நாலு மைல், மூன்று, இரண்டரை. புன்னைக்குடாவின் தென்னைகள் கோடாகி, கோடும் புகையாகியது. முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. தூரம் இருபது மீற்றருக்கு இறங்கியபோது அவள் கையைத் தூக்கினாள். றிப்ஷான் இஞ்சினை நிறுத்தினான்.

அங்கே ஒன்றுமில்லை. வந்த வழியில் இருந்த தண்ணீர்தான் அங்கேயும். முப்லிஹா எதை எதிர்பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கைறுன்னிஸா போட்டின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி தண்ணீரை.

அணியத்தில் அசனார் தொப்பியைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் ஏந்தினார். தொண்டையைச் செருமி, பிஸ்மில் என்று தொடங்கினார்.

"மச்சான், கைய இறக்குங்க," என்றாள் கைறுன்னிஸா. "இஞ்ச நீங்க ஓதின போதும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய முகத்தில் கண்ணீர் இல்லை. ஏந்திய கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொன்றாக மடியில் இறங்கியது.

அதன்பிறகுதான் கைறுன்னிஸா ஓதினாள். சத்தமாக ஓதினாள். பெண்குரல் பிறத்தியாருக்குக் கேட்கக்கூடாதென்று நாற்பத்து நாலு வயதுவரை வீட்டுக்குள் அடக்கி ஓதியவள், நடுக்கடலில் மருமகன் முறையான ஓர் ஆம்பிளையும் மச்சானும் கேட்க, ஆயத்துக்கு ஆயத்து குரல் ஏற ஓதினாள். இடையில் போட் ஆடி வாந்தி வந்தது. கடலுக்குள் எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அது துஆப் போலவும் இருந்தது, யாரையோ ஏசுவது போலவும் இருந்தது. முப்லிஹா கூடச்சேர்ந்து ஓத வாயெடுத்தாள். வரவில்லை. உம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த முதுகு கொதித்தது.

போட் கரைக்குத் திரும்பியது. கரையில் அலை இரண்டாவது வரிசையில் உடைந்துகொண்டிருந்தது. றிப்ஷான் குதித்து இறங்கிப் போட்டின் தலையைப் பிடித்தான். அசனார் எழும்பி, தம்பி மனைவிக்கு இறங்கக் கை நீட்டினார். கைறுன்னிஸா மறுபக்கமாகக் காலைப் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தானே குதித்தாள். ஒரு அலை அவளைத் தள்ளியது. விழவில்லை. நனைந்த அபாயா காலில் சுற்ற, மணலில் ஏறி, திரும்பிப் பாராமல் நடந்தாள். முப்லிஹா இரண்டு சோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வீதிக்கு ஏறுமுன் அவள் ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். றிப்ஷான் தண்ணீருக்குள் நின்று போட்டைப் பிடித்தபடி, இறங்குங்க மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அசனார் இறங்கவில்லை. அணியத்தில், இறக்கிய கைகளை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தார்.